எல்லேயில் அது அவுட்

ஸ்திராஸ்பூர்க்
20.09.2025

எடியே சுபாங்கி,

வட்சப்பில் என்னை புளொக் செய்துவிட்டாய். இன்ஸ்ராவிலும் செய்துவிட்டாய். போன் எடுத்தால் அந்தப் பிரெஞ்சுக்காரியின் பதிவு செய்த குரல்தான் வருகிறது. தபால்காரனை உன்னால் புளொக் செய்ய ஏலாது. அதனால் என் வாழ்க்கையிலேயே முதன்முதலாக ஒரு முத்திரை வாங்கியிருக்கிறேன். நாக்கால் நக்கப் போனேன். கவுண்டரில் நின்றவள் சிரித்தாள். இப்போதெல்லாம் அது ஸ்ரிக்கராம்.

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன். கோபத்தில் இருக்கிறவர்கள் எப்போதும் நல்ல சுகமாகத்தான் இருப்பார்கள்.

என் பக்கத்தையும் சொல்கிறேன், கிழிக்காமல் வாசி. போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச இந்த ஊரில் எனக்கு ஒரு சீவன் இல்லை. உதவித் தாதிப் பயிற்சியில் என்னோடு இருக்கிறவர்களிடம், "எங்கள் அணி பிளேஓஃபில் முதல் சுற்றிலேயே வெளியே போய்விட்டது" என்றேன். "உதைபந்தாட்டமா?" என்றார்கள். "பேஸ்போல். பெண்கள் ஆடும் பேஸ்போல், சொஃப்ற்போல்" என்றேன். "பிரான்சில் அது இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். பொபினி மெர்ல் அணிக்கு உலகத்திலேயே ரசிகைகள் என்று சொல்ல நீயும் நானும்தான். மற்றவர்கள் ஆடுகிறவர்களின் புருசன், பிள்ளை, நாய்.

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ஓட்டம் முன்னுக்கு நிற்கிறோம். எதிரணி நோர்மாண்டிக்காரிகளுக்கு இரண்டு பேர் அவுட். இன்னும் ஒன்று விழுந்தால் முடிந்தது. இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள் நிற்கிறது. பந்து உருண்டு நேரே சிவாஜினி அக்காவிடம் வந்தது. முதல் பேஸுக்கு எறிந்திருந்தால் அடித்தவள் அவுட், நாங்கள் இப்போது இரண்டாம் சுற்றில். சீசன் முழுக்க அதைத்தானே எறிந்தார்! நித்திரையில் எழுப்பிப் பந்தைக் கொடுத்தாலும் அங்கேதான் எறிவார். ஆனால் அந்த நேரம் பார்த்து அவருக்கு முன்னால் ஒருத்தி குறுக்கே ஓடினாள்.

அக்கா அவளுக்கு எறிந்தார். நடு முதுகில். பந்து தெறித்து வேலிக்குப் போனது. அக்கா இரண்டு கையையும் தூக்கி "அவுட்!" என்று கத்திக்கொண்டு, கட்டிப்பிடிக்க ஆள் தேடி நடு மைதானத்துக்கு ஓடினார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஓடி வந்து இரண்டு ஓட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அப்போது நான் கத்தினேன். ஓம், நான்தான். "அக்கா, உது எல்லே இல்லை!" நீ இங்கே பிறந்தவள், உனக்கு எல்லே தெரியாது. ஊரில் பள்ளிக்கூடத்தில் பெட்டைகள் ஆடுவோம். தடியால் பந்தை அடித்துவிட்டு நாலு கம்பத்தையும் சுற்றி ஓட வேண்டும். ஓடுகிறவளைப் பந்தால் எறிந்து அடித்தால் அவள் அவுட். பேஸ்போலில் அடித்தால் ஒன்றுமில்லை, அவள் தன் பாட்டில் ஓடலாம். அக்காவின் கை எந்த விளையாட்டை முதலில் பழகியதோ அதைத்தான் அந்த நெருக்கடியில் ஆடியது.

வீடியோவைச் சிரிப்புக்காகத்தான் டிக்டொக்கில் போட்டேன். அதில் என் சிரிப்பும் கேட்கிறது. அழும்போதும் எனக்கு அதே சத்தம்தான் வரும் என்று உனக்குத் தெரியும். அடுத்த நாள் காலை ரயில் ஏறினேன். இங்கே வந்து இறங்கிப் போனைப் பார்த்தால் நீ இல்லை.

ஷிரோமி

பி.கு: நாலாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க ஒரு ஓட்டமும் எடுக்காமல் விட்டோமே, அதை ஒருவரும் வீடியோ எடுக்கவில்லை.


லா சப்பல், பாரிஸ்
26.09.2025

ஷிரோமி,

உனக்குப் பிரெஞ்சில் பதில் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே அது வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதம் போல ஆகிவிட்டது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் படித்தது உன்னோடு சண்டை பிடிக்கத்தான் போலிருக்கிறது.

நீ ரயில் ஏறிப் போய்விட்டாய். உன் வீடியோ ரூ காய்த் தமிழ்க் கடைத்தெருவில் இறங்கி நடந்துகொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை சிவாஜினி அக்கா வழக்கம்போல மரக்கறிக் கடைக்கு வேலைக்கு வந்தார். அம்மாவும் அதே கடையில் நிற்பதால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். முதலில் வந்தவர் முன்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குணரத்தினம் அண்ணை. "தங்கச்சி, முருங்கைக்காயைப் பையில போட்டுத் தாங்கோ, எறிஞ்சுபோடாதேங்கோ" என்றார். அக்கா சிரித்தார். அடுத்தவர், "உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கப் பயமாக் கிடக்கு" என்றார். அதற்கும் சிரித்தார். மத்தியானத்துக்குள் அக்காவிடம் இருந்த சிரிப்பு முடிந்துவிட்டது. அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் பின்னறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றாராம். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து தராசடியில் நின்றாராம்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அக்கா விளையாட்டை விட்டுவிட்டார். மெர்ல் சட்டையைத் தோய்த்து மடித்து, கோச் முரியேலிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்தார்.

"ஏன் அக்கா?" என்று மட்டும்தான் என்னால் கேட்க முடிந்தது.

"நாப்பத்திரண்டு வயசில எனக்கு உந்த ஆட்டம் தேவையோ, பிள்ளை? ஓரெலி அழுததை நீ பாக்கேல்லையோ? கையுறைக்குள்ள முகத்தை வைச்சுக்கொண்டு அழுதவள். வருசம் முழுக்கப் பந்து போட்டுக் களைச்ச பிள்ளை. நானெல்லோ அழ வைச்சனான். அதுகளின்ர முகத்தில நான் எப்பிடி முழிப்பன்?"

ஓரெலி அழுததை நானும் பார்த்தேன். அவள் யாரிடமும் கோபமாக அழவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் ஒருவர் கறிவேப்பிலை கேட்டு வந்துவிட்டார்.

முரியேல் இதுவரை மூன்று முறை என்னை அழைத்துவிட்டாள். அக்கா போனால் எட்டுப் பேர்தான் மிச்சம். ஒன்பது பேர் இல்லாமல் அணி இல்லை. நவம்பர் முடிவதற்குள் அடுத்த சீசனுக்குப் பதிய வேண்டும். முரியேலுக்கு அணியைப் பற்றிக் கவலை. எனக்கு வேறு கவலை. மெர்லில் சேர்ந்த பிறகு அக்கா கடையில் ஒரு தேசிக்காயைக்கூடச் சும்மா கொடுத்ததில்லை. மேலே போட்டு, பார்க்காமல் பிடித்து, பிறகுதான் கொடுப்பார். வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே கடைக்கு வருவார்கள். இப்போது எல்லாவற்றையும் பையில் போட்டு மேசையில் வைக்கிறார்.

வீடியோவை டிக்டொக்கில் இருந்து எடுத்துவிடு.

சுபாங்கி


ஸ்திராஸ்பூர்க்
03.10.2025

சுபாங்கி,

எடுத்துவிட்டேன். உன் கடிதத்தை வாசித்த அதே நிமிடம் எடுத்தேன். ஆனால் பிந்திவிட்டது. எத்தனையோ பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு விசரன் நாதஸ்வரம் சேர்த்துப் போட்டிருக்கிறான்.

அக்கா அறைக்குள் போய் நின்றது எனக்குத் தெரியாது. அதை வாசித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வராது, விடு.

வேறொன்றைச் சொல்ல வேண்டும். எடுக்கும் முன் அதற்குக் கீழே எழுதியிருந்தவற்றை முழுக்க வாசித்தேன். மேலே இருந்தவை எல்லாம் ஆம்பிளைகள், வழக்கமான பகிடிகள். கீழே போகப் போக வேறு ஆட்கள். எபினே-சூர்-செய்னில் இருந்து மரியநாயகி என்று ஒருவர் எழுதியிருந்தார்: "சிரிக்கிற ஆம்பிளையளே, குறுக்க ஓடுற ஆளின்ர நடு முதுகில ஒருக்கா எறிஞ்சு காட்டுங்கோ பாப்பம். நான் பள்ளிக்கூட எல்லே அணியில விளையாடினனான். எறியெண்டா உதுதான் எறி." பொபினியில் தாதியாக இருக்கும் யசோதா: "நானும் அந்த இடத்தில அப்பிடித்தான் எறிஞ்சிருப்பன், சத்தியமா." இன்னொருவர்: "இந்த அக்கா எங்க விளையாடுறா? எனக்கு முழங்கால் சரியில்லை, ஆனா கை நல்லாக் கிடக்கு."

பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீயும் பார். அக்கா பந்தை எடுக்கும்போது உடம்பு இடப்பக்கம் சரிகிறது. ஊன்றிய கால் வழுக்குகிறது. ஓடுகிறவள் அவ்வளவு வேகம். அப்படியிருந்தும் பந்து கோடு கிழித்தது போலப் போகிறது. அன்று முழுக்க, இரண்டு அணியிலும், அதைவிட நல்ல எறி ஒன்று இல்லை. எறிந்த இடம்தான் பிழை.

ஆகவே அந்தப் பெண்கள் எல்லோருக்கும் பதில் போட்டிருக்கிறேன். 12ஆம் திகதி ஞாயிறு, காலை பத்து மணி, பொபினி மைதானம். வாசலில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை நிற்கும், பெயர் சுபாங்கி, எல்லாம் அவளிடம் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

எனக்கு அன்று மருத்துவமனையில் கடமை. வர ஏலாது.

ஷிரோமி


லா சப்பல்
07.10.2025

ஷிரோமி,

யாரைக் கேட்டு?

நான் அலுவலகத்தில் லிஃப்ற்றுக்குள் யாராவது நின்றால் படியால் ஏறிப் போகிறவள். எங்கள் குடும்பத்தில் கதிரையில் இருந்து வேலை செய்யும் முதல் ஆள் நான்தான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு போன் மணி அடித்தால் பக்கத்து மேசைக்காரி எடுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பவள். முகம் தெரியாத பெண்கள் கூட்டத்துக்கு நான் என்ன சொல்வது? மைதானக் கதவின் திறப்பு முரியேலிடம் இருக்கிறது. முரியேலிடம் என்ன சொல்வது? எத்தனை பேர் என்றாவது எழுதியிருக்கிறாயா? இல்லை.

அக்காவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. தெரிந்தால் இனி என் முகத்தையும் பார்க்கமாட்டார்.

உன்னை அன்புளொக் செய்து கத்தலாமா என்று யோசித்தேன். எனக்குக் கத்த வராது. அதனால்தான் இந்த முத்திரை.

சுபாங்கி


லா சப்பல்
13.10.2025

ஷிரோமி,

பத்து மணி என்று சொன்னாய். ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள்.

சுரிதாருக்கு ஓட்டச் சப்பாத்து போட்ட ஒருவர். பிள்ளை வண்டிலோடு ஒருவர். இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் நேரே வந்த யசோதா. சோறு வேண்டுமல்லவா என்று குக்கரோடு வந்த ஒருவர். முழங்காலில் பட்டி கட்டிய ஒருவர். எல்லோருக்கும் முன்னால், நரைத்த தலையும் பெரிய தோளுமாக மரியநாயகி அக்கா. பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறாராம். "நீதானே கண்ணாடி போட்ட பிள்ளை?" என்றார். நான் தலையாட்டினேன். என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது அவ்வளவுதான். மிச்சக் கதையை அவர்களே கதைத்துக்கொண்டார்கள்.

முரியேல் திறப்போடு வந்து, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து என்னிடம் கேட்டாள்.

"யார் இவர்கள்?"

"வீடியோவைப் பார்த்தவர்கள்."

"சிரிக்க வந்திருக்கிறார்களா?"

"இல்லை. எறிய வந்திருக்கிறார்கள்."

முரியேல் ஒரு பந்தை எடுத்து மரியநாயகி அக்காவிடம் கொடுத்து, தூரத்தில் இரண்டாம் பேஸைக் காட்டினாள். மரியநாயகி அக்கா கைப்பையைத் தோளில் இருந்து கழற்றாமலே எறிந்தார். பந்து பேஸைத் தாண்டி, புல்வெளியைத் தாண்டி, பின்னால் இருந்த அறிவிப்புப் பலகையில் போய் மோதியது. "மன்னிக்கோணும், கன நாளாப் போச்சு" என்றார். முரியேல் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

பிறகு அவர்கள் கேட்டார்கள்: "எங்கை அவ?"

வரமாட்டார் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். நான் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியது, பள்ளிக்கூடத்து வாய்மொழிப் பரீட்சைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்தோ?" என்றார் மரியநாயகி அக்கா.

"ஓம்."

"அப்ப வாங்கோ."

ஐந்தாம் இலக்க மெற்றோவில் ஒரு பெட்டி முழுக்க நாங்கள்தான். ஒரு கிழவர் என்னிடம் கலியாணமா என்று கேட்டார்.

கடைக்குள் நுழைந்ததும் அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன். "என்ன வேணும்?" என்று அவர்களிடம் கேட்டார்.

"நீதான் வேணும், தங்கச்சி" என்றார் மரியநாயகி அக்கா.

"எனக்கு வேலை கிடக்கு. வாங்குறதெண்டா வாங்குங்கோ."

வெளியே போகச் சொல்லக் கூடாது என்பதற்காக ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்கும்போதுதான் அந்தச் சண்டை தொடங்கியது. திட்டம் போட்டுச் செய்ததா என்று பிறகு கேட்டேன். மாதாவின் மேல் சத்தியமாக இல்லை என்கிறார் மரியநாயகி அக்கா.

"கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நிக்கிற ஆளுக்கு எறியேலாது" என்று யாருக்கோ விளங்கப்படுத்திக்கொண்டு நின்றார் அவர்.

"ஆர் சொன்னது?" என்றார் யசோதா. "கால் வெளியில நிண்டா எறியலாம். எங்கட பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான்."

"உங்கட பள்ளிக்கூடம் எந்தக் காலத்தில எல்லே விளையாடினது? நீங்கள் வலைப்பந்துக்காரரெல்லோ!"

"வலைப்பந்தோ? மாவட்டத்துக்கே எல்லே விளையாடினனான், தெரியுமோ?"

தராசில் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "ரெண்டு பேருக்கும் தெரியேல்லை" என்றார், கத்தரிக்காயைப் பார்த்தபடியே. "கால் எங்கை நிண்டாலும் பறவாயில்லை. கை கம்பத்தை விட்டாத்தான் எறியலாம். விடும்வரைக்கும் பந்தைக் கையில வைச்சுக்கொண்டு பொறுத்துக்கொண்டு நிக்கோணும். பொறுக்கேலாதவள் எல்லே விளையாடக் கூடாது."

"அப்ப நீயே வந்து நடுவரா நில்லன்" என்றார் மரியநாயகி அக்கா.

"நான் விளையாட மாட்டன்."

"ஆர் உன்னை விளையாடச் சொன்னது? விசில் ஊதத்தான் கூப்பிடுறன்."

அந்த நேரம் குணரத்தினம் அண்ணை உள்ளே வந்தார். கூட்டத்தைப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தங்கச்சி, கோவாவை எறியாமல்…" என்று தொடங்கினார். கடையில் இருந்த அத்தனை பெண்களும் ஒன்றாகத் திரும்பினார்கள். மரியநாயகி அக்கா ஒரு பெரிய முட்டைக்கோவாவைக் கையில் எடுத்து, "எறிஞ்சு காட்டவோ, தம்பி?" என்று மரியாதையாகக் கேட்டார். அண்ணை பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். இன்று மத்தியானம் வரை வரவில்லை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கன நாளைக்குப் பிறகு சிரித்தார்.

"விசில் மட்டும்" என்றார்.

நவம்பர் 2ஆம் திகதி. மெர்ல் பெட்டைகள் எட்டுப் பேரும் முரியேலும் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் மறு பக்கம். எல்லே என்றால் என்ன என்று பார்க்க வேண்டும் என்று முரியேலே கேட்டாள்.

சுபாங்கி


ஸ்திராஸ்பூர்க்
18.10.2025

எடியே!

உன் கடிதத்தை மருத்துவமனை ஓய்வறையில் சத்தம் போட்டு வாசித்தேன். அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. கோவா வந்த இடத்தில் என்னோடு சேர்ந்து எல்லோரும் சிரித்தார்கள்.

2ஆம் திகதிக்கு லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்குத்தான் விடுமுறைக் காலக் கடமையாம். மேற்பார்வைத் தாதியிடம், "என் அணி ஆடுகிறது" என்றேன். "எந்த அணி?" என்றாள். "செப்டெம்பரில் தோற்ற அணி" என்றேன். "தோற்ற பிறகுமா ஆடுகிறார்கள்?" என்கிறாள். விளையாட்டு தெரியாத சனம்.

சுபாங்கி, ஒன்று கேட்கிறேன். அக்கா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? நீயாகப் போய்க் கேட்காதே. தானாகக் கேட்டால் மட்டும் எழுது. நானே அவருக்கு ஒரு கடிதம் தொடங்கினேன். "அன்புள்ள அக்கா" என்பதற்குப் பிறகு ஒரு பகிடிதான் வந்தது. கிழித்துவிட்டேன். எனக்குப் பகிடியைத் தவிர வேறு ஒன்றும் எழுத வராது போலிருக்கிறது. பகிடி விடாமல் எழுதியது இந்தப் பந்தி ஒன்றுதான், அக்காவுக்குக் காட்டுவதென்றால் காட்டு.

எங்கள் ஆட்களுக்குச் சொல்: மெர்லில் ஓரெலிதான் வேகக்காரி. அவளுக்கு மூன்றாம் கம்பம் வரை எறியக் கூடாது. பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஷிரோமி


லா சப்பல்
03.11.2025

ஷிரோமி,

உன்னை எல்லாவற்றிலும் அன்புளொக் செய்துவிட்டேன். ஆனாலும் இதைப் போனில் சொல்லமாட்டேன். நேற்று மைதானத்தில் வீடியோ எடுத்தவர்கள் கனபேர். உனக்கு இந்தக் கடிதம் கிடைக்கும்வரை ஒருவரும் அனுப்பக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறேன். ஓம், நான்தான் போய்ச் சொன்னேன்.

மரியநாயகி அக்கா ஒரு கடையில் தும்புத்தடி வாங்கி, அளவாக வெட்டி, பிடிக்குச் சீலை சுற்றிக்கொண்டு வந்தார். அதுதான் துடுப்பு. ரெனிஸ் பந்து. கம்பத்துக்கு நாலு பழைய குடைகளை நிலத்தில் குத்தினோம். மெர்ல் பெட்டைகள் முதலில் அந்த மெல்லிய தடியால் பந்தைத் தொடவே முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். பழகியதும் ஓடத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் எறிந்தார்கள். ஒன்றும் படவில்லை. பந்து முன்னால் போனது, பின்னால் போனது, ஒன்று பிள்ளை வண்டிலுக்குள் போனது. வருடக் கணக்காக எறியாத கைகள் அல்லவா?

அக்கா நடுவில் விசிலோடு நின்றார். முதலில் நடுவர் போலத்தான் நின்றார். கொஞ்ச நேரத்தில் விசிலைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். "உதென்ன எறி, யசோதா? ஊசி போடப் போறீரோ?" பிறகு சத்தமாகவே. "கையை இழுத்து எறியுங்கோ! முழங்கையை மடக்காதேங்கோ! ஐயோ, பாத்து!" ஒரு நடுவர் ஒரு பக்கத்துக்கு மட்டும் இப்படிச் சொல்லிக் கொடுக்கலாமா என்று முரியேல் என்னிடம் கேட்டாள். நான் மொழிபெயர்க்கவில்லை.

இன்னொரு எறி பிழைத்தது. அக்கா விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

"இந்தா பிள்ளை, நீ ஊது."

"எனக்கு விதி தெரியாதே, அக்கா!"

"நான் அவுட் எண்டு சொல்லேக்கை ஊது."

ஷிரோமி, நீ பார்த்திருக்க வேண்டும். முதல் பந்திலேயே மெர்ல் பெட்டை கிளெமோன்ஸின் இடுப்பில். அடுத்து இன்னொருத்தியின் காலில், அவள் துள்ளியும். ஒவ்வொரு தடவையும் அக்கா கடைசி நொடி வரை பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எறிந்த கையைப் பார்க்கவே முடியவில்லை. நான் ஊதினேன். விசில் இவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. வேலிக்கு வெளியே நடந்து போனவர்கள் நின்று பார்க்கத் தொடங்கினார்கள்.

பிறகு ஓரெலி. நல்ல அடி. முதல் கம்பம், இரண்டாம் கம்பம், காற்று மாதிரி ஓடினாள். பந்து அக்காவின் கைக்கு வந்துவிட்டது. நீ சொன்னதை நான் யாருக்கும் சொல்லவில்லை, சொல்லத் தேவையிருக்கவில்லை. மூன்றாம் கம்பத்தைத் தாண்டும்வரை அக்கா அசையவில்லை. தாண்டியதும் எறிந்தார். முதுகில், நட்ட நடுவில்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு அக்கா கையைத் தூக்கவில்லை, கத்தவுமில்லை. ஓரெலியைப் பார்த்தபடி அப்படியே நின்றார். அவருடைய முகத்தில் அந்தச் செப்டெம்பர் ஞாயிற்றுக்கிழமை முழுதும் இருந்தது. நான் ஊதவும் மறந்துவிட்டேன்.

ஓரெலி முதுகைத் தடவிக்கொண்டு என்னிடம் நடந்து வந்தாள்.

"இது அவுட்டா?"

"அவுட்."

"ஓடும்போது பட்டாலே அவுட்டா? எப்போதும்?"

"எல்லேயில் எப்போதும்."

அவள் யோசித்தாள். விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தாள். "அப்படியென்றால் நோர்மாண்டிக்காரி அவுட். அது மூன்றாவது அவுட். ஆட்டம் அங்கேயே முடிந்தது. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னுக்கு…" அவளுடைய கண் பெரிதாகியது. திரும்பி மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். "கேளுங்கள்! பிளேஓஃபில் நாங்கள் வென்றிருக்கிறோம்!"

ஒரு நொடி ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மெர்ல் எட்டுப் பேரும் எட்டுத் திசையில் இருந்தும் ஓடி வந்தார்கள். ஓரெலி பாய்ந்து அக்காவைத் தூக்கினாள். அக்கா "விடடி, விடடி, இடுப்புப் போகுது!" என்று தமிழில் கத்தினார், அவர்கள் விடவில்லை. எங்கள் ஆட்கள் எதற்கென்று கேட்காமலே ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். ஏழு கிழமை பிந்தி, வேறொரு விளையாட்டின் விதியில், அந்தப் பிளேஓஃபை வென்று முடித்தோம். யசோதா குக்கர் மூடியைத் தட்டினார். முரியேல் கூட்டத்துக்கு வெளியே நின்று அழுதாள். இறக்கி விட்டபோது அக்காவின் கொண்டை அவிழ்ந்து, முகமெல்லாம் சிவந்து, யாரோடும் பேச முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லே ஆட்டத்திலும் நாங்கள்தான் வென்றோம். அதை எழுத மறந்துவிட்டேன்.

சாப்பிடும்போது அக்கா தானாகவே கேட்டார். "அவள் ஷிரோமி எங்கை? அண்டைக்கு உது எல்லே இல்லை எண்டு கத்தினவளெல்லோ. இண்டைக்கு இது எல்லே எண்டு கத்த வந்திருக்க வேணும். அடுத்த முறை வராட்டி நான் ஸ்திராஸ்பூர்க்குக்கு வந்து எறிவன் எண்டு எழுது." எழுதிவிட்டேன். நீ எழுதிய அந்தப் பந்தியையும் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். "நல்ல பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

மரியநாயகி அக்காவும் யசோதாவும், முழங்கால் சரியில்லாதவரும் முரியேலிடம் பெயர் கொடுத்தார்கள். அணிக்கு ஆள் கூடிவிட்டது. ஆனால் முரியேலுக்கு வேறொரு பதில் வேண்டியிருந்தது. என் காதுக்குள், "சிவாஜினியிடம் கேள், இனிப் பயிற்சிக்கு வருவாளா என்று" என்றாள். நான் வார்த்தைகளைத் தேடிக்கொண்டு திரும்பினேன்.

அக்கா ஏற்கனவே எழுந்து கையைத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்துப் பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடையில் கிலோ விலை சொல்லும் அதே பிரெஞ்சில், என்னைக் கூப்பிடாமல், அவரே சொன்னார்:

"ஞாயிறு. பத்து மணி. எல்லோரும். பிந்தி வந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும்."

ஓரெலி எழுந்து நின்று சல்யூட் அடித்தாள். மரியநாயகி அக்கா மட்டும் மெல்லக் கையை உயர்த்தினார்.

"ஞாயிறு பத்தரைக்குப் பூசையெல்லோ, தங்கச்சி."

"சனி பின்னேரப் பூசைக்குப் போங்கோ."

மரியநாயகி அக்கா கொஞ்சம் யோசித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார்.

"ஓம், கப்டன்" என்றார்.

சுபாங்கி